சனிக்கிழமைச் சோதனை

ஒரு மருத்துவமனையின் கணினி அறைக்கு வெள்ளிக்கிழமை மூன்று புதிய சர்வர்கள் வந்து இறங்கின. ஞாயிறன்று அவற்றை ஒன்றாக இணைப்பதாக ஏற்பாடு. அதுவரை நோயாளிகளின் குறிப்புகளையெல்லாம் ஒரு பழைய சர்வர்தான் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது.

"இனிமேல் கவலை இல்லை. எங்களில் ஒருவர் விழுந்தாலும் மற்ற இருவர் தாங்கிக்கொள்வோம்" என்றது புதியவற்றில் ஒன்று.

"நல்லது. மூவருக்கும் மின்சாரம் எங்கிருந்து?" என்று கேட்டது பழைய சர்வர்.

"அந்தச் சுவிட்சிலிருந்துதான். திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது."

சுவரிலிருந்த சுவிட்ச் தயங்கித் தயங்கிச் சொன்னது. "எனக்கு உள்ளே கருகி ஒரு வருஷமாகிறது. வெளியே தெரியாது."

"நாளைக்குச் சோதனை. ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொள். பழுதென்று தெரிந்தால் உன்னைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எங்கள் வேலையும் தள்ளிப்போகும்" என்றது புதிய சர்வர்.

"ஐந்து நிமிஷம் என்னால் முடியும். பிறகு ஒருநாள் நான் விழுந்தால்?"

"மூவரும் சேர்ந்து விழுவார்கள். அப்போது ஆபரேஷன் தியேட்டரில் யார் படுத்திருப்பார்களோ" என்றது பழைய சர்வர்.

மறுநாள் எஞ்சினியர் ஜெசிந்தா வந்து, மூன்று சர்வர்களின் சுமையையும் அந்தச் சுவிட்சில் ஏற்றிப் பார்த்தார். மூன்றாவது நிமிஷம் அது அணைந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரே கரி. அவர் திட்டத்தாளில் தேதியை ஒரு வாரம் தள்ளி எழுதினார். ஒன்றுக்கு இரண்டாகத் தனித்தனி மின்இணைப்புகளை வரைந்தார். சுவிட்ச் குப்பைக்கூடைக்குப் போனது.

"ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லையே" என்று அலுத்துக்கொண்டது புதிய சர்வர்.

"தாங்கியிருக்கும்" என்றது பழைய சர்வர்.