கருடன் வரும் நேரம்

கோயில் கும்பாபிஷேகம். கோபுரக் கலசத்தில் புனித நீர் ஊற்றப்போகும் நேரம். தேயிலைத் தோட்டத்து ஜனம் முழுக்க, கருடன் வருகிறதா என்று அண்ணாந்து நின்றது. தவமலர் மட்டும் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா வேண்டிக்கிறீங்க?” என்றாள் பக்கத்தில் நின்ற மோகனா.

“கருடன் வரக்கூடாதுன்னு.”

“ஐயோ, என்னக்கா இது! கருடன் வந்து சுத்தினாத்தானே சாமி ஏத்துக்கிட்டதா அர்த்தம்? கோயில் கமிட்டி மேல கோவம்னா சாமி என்ன லா செய்யும்?”

தவமலர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

கலசத்தில் நீர் விழுந்தது. கருடனும் வந்துவிட்டது. மேளம் முழங்க, கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, கோபுரத்தின் மேல் பூத் தூவ ஏற்பாடு செய்திருந்த ஹெலிகாப்டரும் மலைக்குப் பின்னாலிருந்து வந்தது, நேராகக் கருடனை நோக்கி. தவமலர் கருடனைப் பார்த்துச் சேலைத் தலைப்பை வீசி, “போயிரு! போயிரு!” என்று அலறினாள்.

சட்டென்று ஒடித்துத் திரும்பிய ஹெலிகாப்டர், ஒரு பூவும் போடாமல் போய்விட்டது.

“சாமி காரியத்துல இப்படிப் பண்ணிட்டானே! யாரு லா அந்த பைலட்?” என்று கொதித்தார் கோயில் தலைவர் சிங்காரம்.

“என் பொண்ணு சுபத்ராண்ணே,” என்றாள் தவமலர். “ஓட்டுறது அவதான்னு எறங்கின பிறகு எல்லாருக்கும் சொல்லிக்கலாம்னு சொன்னா. போன வருசம் ஒரு சின்னக் குருவி மோதி, முன் கண்ணாடி ஒடஞ்சு, அவ நெத்தியில ஏழு தையல்.”



ஹெலிகாப்டரின் சத்தம் மலைக்கு அப்பால் அடங்கிய பிறகுதான், தவமலர் கருடனைப் பார்த்துக் கைகூப்பினாள்.