வராதவர் வேடம்

ஒட்டுமீசையை இன்னொரு முறை அழுத்திவிட்டுக்கொண்டான்.

மேடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். பெரிய முதலாளி வருவார், வேலை தருவார் என்று. நாடகம் முடியும்வரை காத்திருப்பார்கள். முதலாளி வரமாட்டார்.

அந்த முதலாளிதான் அவன்.

பட்டு வேட்டி, ஜரிகைத் துண்டு, கையில் தடி. ஓரத்திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

வராத ஆளுக்கு எதற்கு வேடம் என்று குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டு நாடகத்தைப் படித்துவிட்டு இதை எழுதிய ஞானதுரை அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"ஆளே இல்லாத பக்கத்தப் பாத்து எப்பிடிடே காத்துக் கெடப்பானுவ? அங்ஙன ஒருத்தன் நிக்கணும்லா."

அன்றிலிருந்து ஓர் ஒத்திகைக்கும் அவன் தவறவில்லை. சும்மா நிற்பது என்ன லேசா? அவன் சற்று முன்னால் நகர்ந்தால் மேடையில் இரண்டு முகங்கள் மலர்ந்தன. பின்வாங்கினால் வாடின. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று திரைக் கிழிசல் வழியே பார்த்தான்.

முதல் வரிசையில் மாமனார். மடியில் ரோஜா மாலை. பக்கத்தில் அவன் மனைவி, அவளுடைய சொந்தபந்தம் மொத்தமும்.

அந்த ஊர் வழக்கம் அது. வீட்டு ஆள் மேடையில் கால் வைத்ததும் நாடகத்தை நிறுத்தி மாலை போடுவார்கள்.

"வேசங்கட்டுத பயலுக்குப் பொண்ணக் குடுத்துட்டேனே" என்று கல்யாணமான நாள் முதல் புலம்பித் தீர்த்தவர் மாமனார். நோட்டீஸில் 'முதலாளியாக' என்று மாப்பிள்ளை பெயரைப் பார்த்து மனம் இளகியிருக்கிறார். அந்த முதலாளி கடைசிவரை வரமாட்டார் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஓரடி எடுத்து வைத்தால் போதும். மாலை கழுத்தில் விழும். பட்ட அவமானமெல்லாம் போகும்.

நாடகமும் போகும்.

கூட்டம் பொறுமை இழந்தது. "முதலாளி எங்கய்யா?" என்றது ஒரு குரல். யாரோ ஒருவன் விசிலடித்தான்.

மேடையில் இருவரும் அவன் பக்கம் திரும்பினார்கள். வந்து தொலைத்துவிடுவானோ என்ற பயம் அவர்கள் கண்ணில் இருந்தது. நிஜமான பயம்.

தடியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

நகரவில்லை.

தன்னைப்போல் வராமல் இருக்க இந்த ஜில்லாவிலேயே வேறு ஆள் கிடையாது என்று தோன்றியது. பெருமையில் கண் கலங்கிவிட்டது.

திரை விழுந்தது.

கைதட்டல் இல்லை. நாற்காலிகள் இழுபடும் சத்தம். மாமனார் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

அப்போது அவர் குரலே கூட்டத்துக்கு மேலே கேட்டது.

"யாரும் போவக் கூடாது, உக்காருங்கய்யா. எங்க மாப்பிள்ள வருவாவ."

சத்தம் மெல்ல அடங்கியது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

அண்ணாச்சி ஓடிவந்து திரைக்கயிற்றைப் பிடித்தார். தூக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார்.

அவன் துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டான். நிமிர்ந்து நின்றான்.

வேண்டாம் என்று தலையசைத்தான்.