மூன்று முறை குதித்தவன்

மூன்று முறை ஆற்றில் குதித்தவனுக்கு மூன்று மாலை வாங்கி வந்திருந்தார்கள். கலையரசன் குனிந்து கழுத்தைக் கொடுத்தான். யாராவது படம் எடுக்கிறார்களா என்று கண்ணை மட்டும் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டான்.

மோகனூரைத் தாண்டி ஒரு காவிரித் துறையில் மோட்டார் படகு ஓட்டியவன். இரண்டு வருடத்துக்கு முன் பன்னிரண்டு பேர் ஏற வேண்டிய படகில் இருபது பேரையும் நாலு பைக்கையும் ஏற்றிக் கவிழ்த்தான். மற்றவர்கள் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு பிழைத்தார்கள். பயணிகளில் தமிழரசு மட்டும் பிழைக்கவில்லை.

"மூணு தடவ குதிச்சேனுங்க. மூணாந்தடவ அவந் தலமுடியப் புடிச்சுட்டேன். அவந்தான் எங்கைய உதறிட்டுப் போயிட்டான்" என்று கோர்ட்டில் அழுதான். படகுக்காரன் சொன்னால் ஆறே சொன்ன மாதிரி. யாரும் குறுக்கே கேட்கவில்லை. உரிமத்தை ஒப்படைக்க வேண்டும், இரண்டு வருடம் படகு ஓட்டக்கூடாது என்பதோடு விட்டுவிட்டார்கள்.

கையை உதறினான் என்றால் சாகத்தான் போயிருக்கிறான் என்று ஊர் முடிவுகட்டியது. வீட்டில் என்ன கொடுமையோ என்று, தமிழரசுவின் மனைவி வசந்தாமணி எதிரே வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்தியது.

இன்று உரிமத்தைத் திரும்பப் பெறத் தேர்வு. வசந்தாமணி ஆட்சேபணைக் கடிதம் கொடுத்திருந்தாள். ஒரே வரி: 'அவர் யார் கையையும் உதறுகிறவர் இல்லை.' அதிகாரி தனப்பிரியா அதைப் படித்துக் கோப்பில் வைத்துவிட்டு, அவளையும் படகில் ஏறச் சொன்னார்.

"கடுதாசி போட்டியாமா?" என்றான் கலையரசன். "ஊட்டுக்காரன ஊட்டோட வெச்சுக்கத் துப்பில்ல. என்ற லைசென்ஸ மறிக்க வந்துட்ட."

மாலை வாங்கி வந்தவர்கள் சிரித்தார்கள்.

வசந்தாமணி கணுக்கால் தண்ணீரில் நடந்து போய்ப் படகில் ஏறினாள். கலையரசன் பலகை போடச் சொன்னான். கூட்டாளி மாதையனின் தோளை இறுகப் பிடித்தபடி அதன்மேல் நடந்தான். "புது வேட்டிங்க மேடம்" என்றான். மாதையனும் மாலை வாங்கி வந்தவர்களில் மூன்று பேரும் பின்னாலேயே ஏறிக்கொண்டார்கள்.

படகை நன்றாகத்தான் ஓட்டினான். அக்கரை வரை போய் வளைத்துத் திருப்பினான். இக்கரைக்கு ஐம்பது மீட்டர் இருக்கும்போது எஞ்சினை நிறுத்தச் சொன்னார் தனப்பிரியா.

"போன லைசென்ஸ் உங்கப்பா பேர்ல இருந்து மாத்துனதுங்களா?"

"ஆமாங்க. அதுக்கு டெஸ்ட்டெல்லாம் இல்லீங்க."

"இதுக்கு இருக்குதுங்க. லைஃப் ஜாக்கெட்டக் கழட்டிட்டு இங்கிருந்து கரைக்கு நீந்திக் காட்டுங்க. முடிஞ்சா இன்னைக்கே லைசென்ஸ் கையில."

கலையரசன் தண்ணீரைப் பார்த்தான். "ரெண்டு நாளா காய்ச்சலுங்க."

"என்றா காய்ச்சலு? மூணு தடவ குதிச்சவனுக்கு இதொரு குதியா?" என்று மாதையன் அவனுடைய ஜாக்கெட்டை உருவினான். "வேட்டி நனையுமின்னு பாக்கறானுங்க மேடம். நாங்களே எறக்கி உடறோம்."

இருவர் கையைப் பிடித்தார்கள், இருவர் காலைப் பிடித்தார்கள். மாலையோடு தூக்கி, "ஒண்ணு... ரெண்டு..." என்று ஆட்டினார்கள். கரையில் விசில் பறந்தது.

கலையரசன் திமிறிக் கையை உருவிக்கொண்டு மாதையனின் சட்டையைப் பற்றினான். பற்றிய விரல்களை நாலு பேர் சேர்ந்தும் பிரிக்க முடியவில்லை. வசந்தாமணி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உட்டுராதீங்கடா... சத்தியமா எனக்கு நீச்சல் தெரியாதுடா!"