பதினோராவது பலகை

பதினோராவது பலகையின் மூலையில் இருந்த கைநாட்டு என்னுடையது. ஹேமநாத் சார் நான்காவது பலகைக்கு வந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பயம் வந்தால் எனக்கு அப்படித்தான். ஹால் டிக்கெட்டைத் தொலைத்த அன்றும் பஸ் ஸ்டாண்டில் நின்று சிரித்தேன்.

"இன்னாடி தரணி, இளிச்சிக்கினு நிக்கிற? சாருக்குப் பலகைய எடுத்துக் குடு," என்றாள் செங்கம்மா அத்தை.

வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, இடது கையால் எடுத்துக் கொடுத்தேன்.

மாட்டுப் பொங்கலுக்குப் படம் வரைந்து காளையின் கொம்பில் கட்டி ஓடவிடும் பலகைகள். பையன்கள் பாய்ந்து பறிப்பார்கள். துலுக்காணம் மாமாவின் பலகையைப் பறித்தவன் அதை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைப்பான். நகரியிலிருந்து சந்திரகிரி வரைக்கும் அவ்வளவு பேர் மாமாவுக்கு.

வேலை நடக்கும்போது கதவு சாத்தியிருக்கும். மாமா வாசலில் பீடியோடு உட்கார்ந்து காவல் காப்பார். யாராவது எட்டிப் பார்த்தால், "பெயிண்ட் காயுது, தூசி பூடும், போங்கடா," என்பார்.

மாமாவுக்கு எழுதத் தெரியாது. மூலையில் சிவப்பு பெயிண்டில் ஒரு கைநாட்டு. அதுதான் கையெழுத்து.

மாமா போய் ஒரு வருஷம். மிஞ்சிய பதினோரு பலகைகளும் ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் ஏலத்துக்குப் போகின்றன. ஏலக் கம்பெனிக்காக மதிப்புப் போட வந்தவர்தான் ஹேமநாத் சார். அந்த ஏலத்தை நம்பி அத்தை வீட்டின் பழைய ஓடுகளைப் பிரித்தே விட்டாள். எங்கள் தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய் படபடத்துக்கொண்டிருந்தது.

நேற்று நான் நல்லதுதான் செய்ய நினைத்தேன்.

ஒரு பலகையில் பல்லி எச்சம். நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். எச்சம் போனது. கைநாட்டும் போனது.

என்னிடம் சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது. கட்டைவிரலில் பூசி அழுத்தினேன். அசலைவிட நன்றாக விழுந்தது. ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது. விரல் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"இங்க பாரும்மா." ஹேமநாத் சார் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். "ரேகைக்குக் குறுக்கால ஒரு கோடு போகுது பாரு. பழைய வெட்டுக்காயம். இவர் பேர்ல நெறைய போலி வருது. இந்தக் கோடு இருந்தாத்தான் அசல். ஒண்ணு போலின்னாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவாங்க."

கோடு இருந்தது. சாய்வாக, நூல் மாதிரி.

என் விரலில் எந்தக் கோடும் இல்லை.

ஐந்தில் கோடு. ஆறில் கோடு. ஏழில் பிள்ளையார் டிராக்டர் ஓட்டிக்கொண்டே என்னை முறைத்தார். எட்டுக்கு, "சால பாகுந்தி," என்று தெலுங்கில் மெச்சினார் சார். ஒன்பதில் காளை கூலிங் கிளாஸ் போட்டிருந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். எனக்குச் சாக்கு கிடைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். விக்கல் வந்துவிட்டது.

பத்து.

அவர் கை பதினொன்றை நோக்கிப் போனது.

டொக்கென்று அத்தை அதன்மேல் முறுக்குத் தட்டை வைத்தாள். சரியாக அந்த மூலையில்.

"மொதல்ல துன்னு சார். காலைலேர்ந்து குனிஞ்சிக்கினே கீற, முதுகு இன்னாத்துக்கு ஆவும்?"

அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

ஹேமநாத் சார் ஒரு முறுக்கை உடைத்தார். இன்னொன்றை உடைத்தார். டீயை ஊதினார். "பத்தும் சரின்னா பதினொண்ணும் சரிதான்," என்று ஏட்டில் எழுதிக்கொண்டார்.

எனக்குத் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு மேலே பறக்கலாம் போலிருந்தது. விக்கல் நின்றுவிட்டது. முறுக்கு எடுத்து வாய் நிறைய அடைத்துக்கொண்டேன்.

சார் ஒரு தாளை எடுத்துப் பலகைமேல் விரித்தார். 'இவை அனைத்தும் என் கணவர் துலுக்காணம் வரைந்தவை.' அதன் கீழே அத்தை கைநாட்டு வைக்க வேண்டும். மைப்பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டு அவர் மறுபடி டீயை எடுத்துக்கொண்டார்.

அத்தை மையைத் தொட்டாள். அழுத்தினாள். விரலை எடுத்தாள்.

நீல ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு போனது. சாய்வாக, நூல் மாதிரி.

முறுக்கு என் வாயிலேயே நின்றுவிட்டது. மாமா வாசலில் காவல் இருந்தார் என்றால், சாத்திய கதவுக்குள் வரைந்தது யார்?

சார் பார்க்கவில்லை. தாளை என் பக்கம் தள்ளினார். "நீ படிச்ச பொண்ணு. சாட்சிக்கு நீ கையெழுத்துப் போடும்மா," என்று பேனாவை நீட்டினார்.

பேனாவை வாங்க வேண்டுமென்றால் கையை விரிக்க வேண்டும்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். முந்தானையால் கையைத் துடைத்துவிடுவதுபோல என் சிவப்பு விரலை மூடிக்கொண்டு, காதருகே குனிந்தாள்.

"போடுடி. உன் வெரலு இன்னா பண்ணிச்சின்னு எனக்குத் தெரியும். என் வெரலு இன்னா பண்ணிச்சின்னு உனக்குத் தெரிஞ்சி பூட்சி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. நாங்கள் இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைப் பார்த்து, எதற்கென்று தெரியாமலேயே ஹேமநாத் சாரும் சிரித்தார்.

பேனா என் விரல்களுக்கு நடுவே வந்துவிட்டது. 'என் கணவர் துலுக்காணம் வரைந்தவை' என்ற வரிக்குக் கீழே முனை தாளைத் தொட்டுவிட்டது.

ஆனால் அத்தை என் மணிக்கட்டை விடவில்லை. சிரித்துக்கொண்டே, வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

போடு என்கிறாளா, போடாதே என்கிறாளா?