ரெண்டு கிலோ வெங்காயம்

"ஒண்டிக்கட்டை. ஒரு வயிறு. அதுக்கு ரெண்டு கிலோ வெங்காயமா?"

காசியம்மாளுக்கு மனசு ஆறவே இல்லை.

எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. வடக்கனந்தல் ரோடு நெடுக மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கடையில் மருந்துக்குக்கூட ஒரு வெங்காயம் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய மழை விட்டபாடில்லை. புரட்டாசியிலேயே மார்கழிக் குளிர்.

இந்த லட்சணத்தில், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் நர்ஸ் எழில்மதி காலையில் வந்து கேட்டாள். இவளும் பரண்மேல் இருந்ததை அள்ளிக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் வயிறு எரிந்தது.

வெங்காயம் வதங்கும் வாசனை சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. அரை மணி, முக்கால் மணி... நிற்பதாகத் தெரியவில்லை.

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கிவிட்டாள் காசியம்மாள்.

"இன்னா சிஸ்டரு பண்ற?"

எழில்மதி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஸ்டவ்வில் சட்டி. அத்தனை வெங்காயமும் சுருண்டு, வெல்லப்பாகு நிறத்தில் கிடந்தது.

"சூப்புக்கா. பாண்டிச்சேரில படிக்கும்போது, குளிரு நாள்ல பிரெஞ்சுக்கார மதருங்க வெப்பாங்க. தீயைக் கம்மியா வெச்சு ஒரு மணி நேரம் வதக்கணும். மேல ரொட்டி, அதுமேல பால்கட்டி... இங்க அதுக்கெல்லாம் எங்க போறது?"

"ஊரு தாளிக்க வெங்காயம் இல்லாம கெடக்குது, உனுக்குத் தொரைங்க சூப்பு கேக்குதா? ஐயய்யோ, கருகுது பாரு!"

சொன்ன கையோடு பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரைச் சட்டியில் கவிழ்த்தாள். சொர்ரென்று ஆவி கிளம்பியது.

எழில்மதி சிரித்துவிட்டாள். "இப்பத்தாங்க்கா தண்ணி ஊத்தணும். கரெக்டா ஊத்திட்டீங்க."

அப்போது, உள்ளே தொங்கிய திரைச்சேலைக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. ஆம்பளை இருமல்.

எழில்மதியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஓகோ! இதுக்குத்தான் ரெண்டு கிலோவா? யாருடி உள்ள?"

"அக்கா, வேணாங்க்கா..."

அதற்குள் காசியம்மாள் திரையை விலக்கிவிட்டாள்.

பாயில் ஒரு வாலிபன். தாடையையும் தலையையும் சேர்த்துக் கட்டு. மூலையில் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது காக்கிச் சட்டை.

போலீஸ்!

காசியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று நடந்த தடியடியில் அவள் தம்பி பழனிக்கு வலது கை ஒடிந்துபோயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் வீட்டில் முனகிக்கொண்டு கிடக்கிறான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டியது இதே எழில்மதிதான்.

"கல்லடிக்கா. தாடை ஒடைஞ்சிருக்குது, மெல்ல முடியல. புரட்டாசில கோழி கேட்டா ஊரே ஏன்னு கேக்கும். அதான் வெங்காயம்." எழில்மதி குறுக்கே வந்து நின்றாள். "நீங்க கத்தினீங்கன்னா இவனைக் கொன்னுடுவாங்க."

அவன் பேச முடியாமல் இரண்டு கையையும் குவித்தான். பழனி வயசுதான் இருக்கும்.

வெளியே சேற்றில் பத்துப் பேர் நடந்து வரும் சத்தம்.

"சிஸ்டரு! கதவைத் தெற!"

காசியம்மாள் திரையை இழுத்துவிட்டாள். ஒரு கிண்ணம் சூப்பை ஊற்றிக்கொண்டு கதவுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"தெறந்து வுடு."

முன்னால் நின்றவன் அம்மாசி, அவள் புருஷன். மரம் வெட்டிய கூட்டத்துக்கே அவன்தான் தலைவன். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையிலிருந்து முதுகுவரை கொங்காணியாகப் போட்டிருந்தான்.

"நேத்து கூட்டத்துல பிரிஞ்ச போலீஸ்காரன் ஊருக்குள்ளதான் பூந்துகினு கீறான்," என்றான் பின்னாலிருந்த பிச்சைமுத்து. "இங்க ஆம்பளை இருமற சத்தம் கேட்டுதாம்."

காசியம்மாள் லொக்கு லொக்கென்று இருமினாள். "நாந்தான்டா. சளி புடிச்சிகினு சூப்பு குடிக்க வந்தேன். என் இருமலு உனுக்கு ஆம்பளை இருமலா கேக்குதா?"

அம்மாசி பிச்சைமுத்துவின் தோளைப் பிடித்துத் திருப்பினான். "எம் பொண்டாட்டி இருமுனா லாரி ஸ்டார்ட் பண்ற மாதிரிதான்டா இருக்கும். இந்த மறியல்ல ஓடுறது அந்த ஒரு லாரிதான். வாங்கடா, ஏரிக்கரைப் பக்கம் பாக்கலாம்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

காசியம்மாள் திரைக்குள் போய், அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். ஸ்பூனில் எடுத்து ஊதி ஊதி ஊற்றினாள்.

"உங்க ஆளுங்க என் தம்பி கைய ஒடைச்சிட்டாங்க, தெரியுமா? ம், குடி. சிந்தாம குடி."

"மாமாவுக்குத் தெரிஞ்சா இன்னாக்கா பண்றது?" என்றாள் எழில்மதி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"வெட்டிப் போட்டுடுவாரு. மூச்சு வுடாத."

மறுபடி கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை மெல்ல.

அம்மாசி மட்டும் நின்றிருந்தான்.

"சிஸ்டரு, அவ போயிட்டாளா?"

எழில்மதி ஒரு கணம் திரையைப் பார்த்தாள். "ம்... போயிட்டாங்க."

அம்மாசி கொங்காணிக்குள்ளிருந்து இரண்டு பன்னை எடுத்து நீட்டினான். மறியலில் அவன் பங்குக்குக் கொடுத்தது.

"சூப்புல ஊறவெச்சு அந்தப் புள்ளைக்கு ஊட்டுமா. விடியக்காலைல நான் தூக்கியாந்து போட்டப்பவே பசியில கண்ணு சொருவிப் போச்சு."

திரைக்குப் பின்னால் காசியம்மாளின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது.

அம்மாசி குரலை இன்னும் தாழ்த்தினான்.

"எம் பொண்டாட்டி காதுக்கு மட்டும் போவ வேணாம் சிஸ்டரு. தம்பி கை ஒடைஞ்ச ஆத்திரத்துல இருக்கறா. பாத்தா இவனை உசுரோட வுடமாட்டா."