கற்றுக்கொண்ட எலிகள்

காத்தானை நெடுமாறன் கடைசியாக உயிரோடு பார்த்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம், வயல் வரப்பில். பார்த்தது என்ன, சண்டை போட்டது.

"கரண்டு கம்பியை எடுத்துரு மாப்ளே. கெஞ்சிக் கேக்குறேன்."

"உங்க மூங்கில் கிட்டியில எலி விழுந்தா நான் ஏன் மாமா கம்பி கட்டுறேன்? சூல் கட்டின பயிர வெட்டிப் போட்டிருக்கு, பாருங்க. போன மாசம் நூறு கிட்டி வச்சீங்களே, எத்தனை விழுந்துச்சு?"

"நாலு."

"அப்புறம் என்ன பேச்சு?"

முப்பது வருடமாக அந்த ஊருக்கு எலி பிடிப்பவர் காத்தான். தோளில் கிடந்த சிவப்புத் துண்டோடு வரப்பிலேயே குந்திவிட்டார்.

"தப்பு என்னோடதுதான். அப்பல்லாம் வச்ச அன்னிக்கே விழும். ஒண்ணு ரெண்டு மட்டும், பக்கத்து எலி அடிபடுறதப் பாத்துக் கத்துக்கிட்டு ஒதுங்கும். கத்துக்கத் தெரியாத மக்கு எலியையெல்லாம் நான் கொன்னுட்டேன். சட்டுனு கத்துக்கிறத மட்டுந்தானே குட்டி போட விட்டேன்? அதுங்க வம்சந்தான் இப்ப ஓடுது. கிட்டியையே பாக்காத குட்டிகூடச் சுத்திப் போவுது மாப்ளே."

"ஆத்தா படிச்ச படிப்பு பால்ல எறங்குதாக்கும்! நல்லாருக்கு கதை."

"பால்ல எறங்கல. படிக்காதது செத்துச்சு, அவ்வளவுதான். கம்பிக்கும் இப்படியே பழகிடும். அதுங்களுக்கு வருசத்துக்கு நாலு ஈத்து. நமக்கு? விடியக்காலம் டியூஷனுக்குப் புள்ளைங்க இந்த வரப்புலதான் போவுதுங்க. எத்தனை புள்ள செத்தா, கம்பிக்குப் பயந்த புள்ள பொறக்கும்?"

நெடுமாறனுக்குச் சுருக்கென்றது.

"தொழில் போவுதேன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல். இனிமே என் வரப்புல கால வைக்காதீங்க."

கோபம் தணியவில்லை. ஊருக்கே தெரிய, தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போடும் சுவிட்சை அன்று ஆறரைக்கே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

விடிந்தபோது காத்தான் கம்பி மேல் கிடந்தார்.

கரண்டை நிறுத்தினார்கள். கூட்டம் கூடியது.

"கம்பிய அறுக்க வந்திருக்காரு மனுசன்," என்றார் அடுத்த வயல் உபைதுல்லா. "பொறாமை யாரை விட்டுச்சு?"

ஆமாம் என்றார்கள் எல்லோரும்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கம்பியை ஒட்டி, முழங்கால் உயரத்துக்குக் குச்சிகள் நட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்புத் துணி.

"இது யாரு வச்சது?"

நெடுமாறன் முன்னால் வந்தான்.

"நான்தான் சார். ஜனங்க பாத்து ஒதுங்கட்டும்னு. அதப் பாத்துட்டும் வந்திருக்காரு."

"நல்ல காரியம்தான்," என்றபடியே இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு குச்சியாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். பதினாறாவது குச்சியில் நின்றார். குனிந்து, காத்தானின் மூடிய கையைப் பிரித்தார்.

உள்ளே, கிழித்த சிவப்புத் துண்டின் மிச்சம்.

கம்பி எங்கும் அறுபடவில்லை. குச்சிகள் காத்தான் கிடந்த இடத்தோடு நின்றுபோயிருந்தன. அதற்கப்பால் வெறும் கம்பி மட்டும் இருந்தது.