கருப்பனுக்குக் கோழி ஈரல்

“இன்னிக்கும் கோழி ஈரலா? நாலு நாளா இந்த நாய்க்குச் சமைச்சே என் கை ஓஞ்சு போச்சு” என்றாள் சந்திரமதி.

“பிஸ்கட்டை மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது. ஈரலுக்குத்தான் மசியுது லா. உப்புப் போடாம வேக வச்சு, சின்னதா நறுக்கிக் கொடு. பெரிய துண்டுன்னா, தின்னு முடிக்கிறதுக்குள்ள சொன்னதை மறந்துடுது” என்றார் அவள் கணவர் வேலாயுதம்.

கிண்ணத்தோடு வாசலுக்குப் போனார். “கருப்பா, இரு!” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பத்து எட்டு வைப்பதற்குள் கருப்பன் அவர் காலை உரசிக்கொண்டு நின்றது.

“மண்டு! இருன்னா இருக்கணும். எத்தனை தடவை சொல்றது?”

கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலம்தான் கருப்பனுக்குப் புரிந்தது. அவர் வேலியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தது. மிச்ச ஈரல் முழுவதையும் அதற்கே கொடுத்தார்.

மறுநாள் காலை, வீட்டுச் சாமான்களோடு லாரி சுவா சூ காங் கம்பத்துக் கிராம வீட்டிலிருந்து தஞ்சோங் பகார் அடுக்குமாடி வீட்டுக்குக் கிளம்பியது. அங்கே நாய் வளர்க்க விடமாட்டார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் ஆ ஹுவாட் கருப்பனை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அது லாரிக்குப் பின்னால் ஓடி வந்து அடிபடக் கூடாதே என்றுதான் இத்தனை பாடும்.

“கருப்பா, இரு!” என்றார் வேலாயுதம் லாரியிலிருந்து.

கருப்பன் ஆ ஹுவாட்டின் காலடியில் அப்படியே உட்கார்ந்திருந்தது. லாரி வளைவில் திரும்பியது.

“சனியன் பிடிச்ச நாய்! ஒரு எட்டாச்சும் ஓடி வந்துச்சா பாரு!” என்று சந்திரமதியிடம் எரிந்து விழுந்தவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.